ஆற்றுகாலுக்கு நிற்கும் ரயில் ஆட்டத்துக்கும் நிற்கட்டும்

திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் கால்பந்து ஆட்டம் ஒன்பதரை மணியளவில் முடிகிறது. அங்கிருந்து தம்பானூர் ரயில் நிலையம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். தம்பானூரிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டருக்குள் குழித்துறை வந்துவிடுகிறது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கால்பந்து ரசிகரைப் போல் வசதி வாய்த்தவர் எவருமில்லை என்றே தோன்றும். ஆனால், ஆட்டம் முடிந்து வெளியே வரும் கடலோர இளைஞர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது இருசக்கர வாகனத்தைத்தான்.

ரயில் தடம் இருக்கிறது, ரயில்களும் ஓடுகின்றன. அவை எந்த நேரத்தில் புறப்படுகின்றன, எந்த நிலையத்தில் நிற்கின்றன, இறங்கியவர் அங்கிருந்து எப்படி வீடு சேர்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒருசேர விடை இல்லாததுதான் சிக்கல். இது ஏதோ பொழுதுபோக்குக்கான சலுகைக் கோரிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. இரவு பத்து மணிக்குமேல், ஆட்டத்தின் பரபரப்பு அடங்காத நிலையில், நெரிசல் மிகுந்த தேசிய நெடுஞ்சாலை 66இல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வரும் பதின்பருவத்தினரின் உயிர் சார்ந்த கேள்வி இது.

எல்லை அறியாத பந்து

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் கிரிக்கெட்டுக்கு உள்ள இடம், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் கால்பந்துக்கு உண்டு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என வரிசையாக அமைந்த மீனவ ஊர்களில் ஆலயத்தை ஒட்டிய மணல் திடலே முதல் பயிற்சிக்களம். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கு ஆடினார். 2019-20 இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியிலும் இருந்தார். அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை வீரர். ஒரு சிறிய கடற்கரை ஊர் ஒரே குடும்பத்திலிருந்து இரு தொழில்முறை வீரர்களை நாட்டுக்குத் தந்திருக்கிறது.

நீரோடியைக் கடந்தால் அடுத்து வருவது கேரளத்தின் பொழியூர். சந்தோஷ் கோப்பை வீரர்கள் பலரை வளர்த்தெடுத்த ஊர் அது. 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட மாநில எல்லை இந்த இரு ஊர்களுக்கும் நடுவே செல்கிறது என்றாலும், வலையும் பந்தும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. இக்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆடச் செல்வதும் ஆட்டம் பார்க்கச் செல்வதும் தலைமுறை வழக்கம். சென்னை இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டர். திருவனந்தபுரமோ ஒரு மாலைப் பயணம்.

2015 டிசம்பர் இறுதியில் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு அரங்கில் தெற்காசியக் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. 2016 ஜனவரி 3 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்ற கணக்கில் வென்றது. 2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது, திருவனந்தபுரத்துக்கெனக் கொம்பன்ஸ் அணி உருவானது. எப்போதோ ஒரு முறை வரும் பெரிய ஆட்டம் என்ற நிலை மாறி, பருவம்தோறும் முன்கூட்டியே தேதி குறிக்கப்பட்ட ஆட்டங்கள் அண்டை நகரில் நடக்கின்றன. தேவை ஒழுங்கான காலக்கெடுவோடு வருகிறது என்பதால், அதற்கு ஏற்பாடு செய்வதும் எளிதாகிவிடுகிறது.

கடலுக்கு முதுகு காட்டும் தடம்

திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து மேற்கே செல்லும்போது நாகர்கோவில் டவுன், வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை, குழித்துறை மேற்கு ஆகிய நிலையங்களைக் கடந்து கேரளத்தின் பாறசாலையை அடைகிறோம். பாதை கடற்கரையை ஒட்டிச் செல்லவில்லை; உள்நாட்டு ஊர்கள் வழியே செல்கிறது. தூத்தூர் வட்டாரத்துக்காரர் குழித்துறைக்கோ பாறசாலைக்கோ பத்துக் கிலோமீட்டருக்குமேல் சாலையில் வர வேண்டும். குளச்சல்காரருக்கு அருகிலுள்ளது இரணியல்; முட்டத்துக்காரரும் சாலைவழியே உள்நாடு வந்துதான் ரயில் ஏற வேண்டும்.

ஆகவே, கால்பந்தின் மீது பித்துக்கொண்ட ஊர்கள் எல்லாம் பாதைக்குத் தெற்கே கடலோரத்தில் கிடக்க, நிலையங்கள் வடக்கே இருக்கின்றன. இரவில் ரயில் வந்து நின்றாலும், நிலைய வாசலில் பேருந்து நிற்காவிட்டால் அந்த ரயிலால் பயனில்லை. ரயில்வேயிடம் நிறுத்தம் கேட்டு மனு கொடுப்போர் பலரும் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கடற்கரை மக்களுக்கும் குழித்துறை நிலையத்துக்கும் வேறொரு நினைவும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலுக்குச் சென்றவர்கள் திரும்பாதபோது, அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பத்தினர் கடலோரத்திலிருந்து நடந்தே வந்து குழித்துறையில் ரயில் மறியல் செய்தனர். நாட்டின் கவனத்தைத் திருப்ப அவர்கள் தேர்ந்துகொண்ட இடம் அந்தத் தண்டவாளம். துயரத்தில் அந்த நிலையம்வரை நடந்து வந்தவர்கள், மகிழ்ச்சியான ஓர் இரவில் அதே நிலையத்தில் இறங்கி வீடு திரும்ப முடிய வேண்டும் என்று கேட்பது மிகையான ஆசையல்ல.

முன்னுதாரணம் நம் தடத்திலேயே

ஆட்டத்துக்காக ரயிலை நிறுத்துவதா என்ற கேள்விக்கு விடை தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஆற்றுகால் பகவதி அம்மன் கோயில் பொங்கல் நடக்கிறது. 2009இல் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றதாக கின்னஸ் பதிவு பெற்ற விழா அது. அதற்காகத் தெற்கு ரயில்வே நாகர்கோவில் தடத்தில் சிறப்பு ரயில்களை இயக்குகிறது. விரைவு ரயில்களுக்குச் சிறு நிலையங்களில் தற்காலிக நிறுத்தமும் அளிக்கிறது. விடியுமுன் பள்ளியாடியிலும் இரணியலிலும் பொங்கல் பானையோடு பெண்கள் ஏறுகிறார்கள். மாலையில் அதே நிலையங்களில் இறங்குகிறார்கள்.

இந்த ஏற்பாடு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது. இந்தத் தடத்தின் சிறு நிலையங்களில் கூடுதல் நிறுத்தம் தருவது தொழில்நுட்ப அளவில் இயலும். அதற்கான உத்தரவைக் குறுகிய காலத்தில் பிறப்பிக்கவும் முடியும். முன்கூட்டியே அறிவித்தால் மக்கள் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆட்ட இரவின் கூட்டம் இதனோடு ஒப்பிட மிகச் சிறியது. அந்தப் பெருங்கூட்டத்துக்கே வழி கண்ட நிர்வாகத்துக்குச் சில ஆயிரம் பேர், பல வேளைகளில் சில நூறு பேர், பெரும் சுமையாக இருக்க மாட்டார்கள்.

நகரங்களில் விளையாட்டுக்கென இத்தகைய ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தும்விட்டது. கொச்சி கலூர் அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடிய இரவுகளில், அரங்க வாசலிலேயே நிலையம் கொண்ட மெட்ரோ ரயில் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. சென்னையில் 2023 ஐபிஎல் பருவத்தில் சேப்பாக்கம் ஆட்டத்தின் நுழைவுச்சீட்டே மெட்ரோ பயணச்சீட்டாகவும் ஏற்கப்பட்டது. ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் சென்னையே காட்டியது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் திரண்டபோது, பறக்கும் ரயில் ஞாயிற்றுக்கிழமைக்குரிய குறைந்த சேவை அட்டவணைப்படி இயங்கியது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. வெயிலிலும் நெரிசலிலும் சிக்கிய அந்த நாளில் ஐவர் உயிரிழந்தனர். கூட்டம் வரும் என்று தெரிந்தும் அட்டவணையை மாற்றாமல் விடுவது, நடுநிலையான செயல் அல்ல. அதுவும் ஒரு முடிவுதான்.

பிரிட்டனின் இரு பாடங்கள்

கால்பந்து ரசிகர்களுக்கெனத் தனி நிறுத்தங்களையே கட்டிப் பார்த்த நாடு பிரிட்டன். மான்செஸ்டர் யுனைடெட் அரங்கை ஒட்டி 1935இல் திறக்கப்பட்ட நிலையத்தில் ஆட்ட நாள்களில் மட்டுமே ரயில்கள் நின்றன. பல்லாண்டுகள் பயன்பட்ட பிறகு, கூட்டப் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கடந்த பதிற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு ரயில் நிற்பது கைவிடப்பட்டது. வாட்ஃபோர்டில் 1982இல் அரங்கத்துக்கென ஒரு நிறுத்தம் கட்டப்பட்டது. 1990களில் அதுவும் வழக்கொழிந்தது. டார்பி நகரில் 1990 ஜனவரியில் திறக்கப்பட்ட ராம்ஸ்லைன் நிறுத்தத்தின் கதை இன்னும் சோகமானது. மொத்தம் நான்கே ரயில்கள் அங்கு நின்றன; 1997இல் அந்த அணி வேறு மைதானத்துக்கே மாறிவிட்டது.

சிமெண்டும் இரும்பும் கொண்டு கட்டப்படும் நடைமேடை, அதில் நிற்க ரயில் ஒழுங்காக வராவிட்டால் வெறும் திண்ணைதான் என்பது இதிலுள்ள முதல் பாடம். இரண்டாம் பாடம், கூட்டத்தைக் கையாளும் இடவசதி இல்லாத நிறுத்தம் வசதியாகத் தொடங்கி அபாயமாக முடியும் என்பது. குமரிக்கு இவை இரண்டும் நல்ல செய்தியே. புதிய நிலையம் ஒன்றையும் இங்கு நாம் கேட்கவில்லை. அரங்கத்துக்கு அருகே பெரிய ரயில் நிலையம் ஏற்கெனவே உள்ளது. ஊர்களின் பக்கத்தில் சிறு நிலையங்களும் உள்ளன. கூட்டம் ஓரிடத்தில் ஏறி ஏழெட்டு இடங்களில் பிரிந்து இறங்கும். நெரிசல் நோக்கில் இதைவிட எளிய அமைப்பு அமைவது அரிது.

ஜெர்மனி வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கு பல அரங்குகளின் நுழைவுச்சீட்டிலேயே அன்றைய உள்ளூர்ப் பயணமும் அடங்கிவிடுகிறது. 2024 ஐரோப்பியக் கோப்பைப் போட்டியிலும் நுழைவுச்சீட்டு பெற்றவர்களுக்கு 36 மணி நேர உள்ளூர்ப் போக்குவரத்து வசதி சேர்த்தே வழங்கப்பட்டது. ரசிகர் வீடு திரும்புவதும் ஆட்டத்தை நடத்துவதன் ஒரு பகுதி என்ற புரிதல் அதன் பின்னால் இருக்கிறது. நம் லீக் அமைப்பாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ரயில்வேயின் தரப்பு

நிர்வாகத்தின் தயக்கத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் இடையே இரட்டைப் பாதைப் பணி நிலம் எடுப்பதிலும் பிறவற்றிலும் தாமதப்பட்டு நீண்டுகொண்டே போகிறது. ஒற்றைத் தடத்தில் ஒரு ரயில் கூடுதலாக நின்றால், எதிரே வரும் ரயில் எங்கோ ஒரு நிலையத்தில் காத்திருக்க வேண்டும். இரவு நேரம் தண்டவாளப் பராமரிப்புக்கும் தேவைப்படுகிறது. நெடுந்தொலைவு ரயில்களை ஊருக்கு ஊர் நிறுத்துவது அவற்றின் பயணிகளுக்குச் செய்யும் அநீதி என்ற வாதத்திலும் உண்மை உண்டு.

இதனால்தான் விரைவு ரயிலுக்கு நிறுத்தம் கேட்பதைவிட, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஒரு தாமத இரவு ரயிலைக் கேட்பதே பொருத்தமானது. விரைவாக வேகமெடுத்து விரைவாக நிற்கக்கூடிய மெமு ரயில்கள் இந்தத் தடத்துக்குப் புதியவை அல்ல. திருவனந்தபுரத்தில் இரவு பத்தேகால் மணியளவில் புறப்படும் ஒரு மெமு, எல்லா நிலையங்களிலும் நின்றாலும் நள்ளிரவை ஒட்டி நாகர்கோவிலை அடைந்துவிடும். ஆண்டு முழுவதும் அன்றி, ஆட்ட இரவுகளில் மட்டும் இயக்கினால் பராமரிப்பு நேரத்தையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

வருவாய்க் கணக்கிலும் ஒரு நுட்பம் உள்ளது. புதிய நிறுத்தங்கள் பொதுவாகச் சோதனை அடிப்படையில் வழங்கப்பட்டு, பிறகு மறு ஆய்வு செய்யப்படுகின்றன. ஒரு நிலையத்தில் விற்கும் பயணச்சீட்டே அந்த நிலையத்தின் வருவாயாக ஏறுகிறது. ஆட்டம் முடிந்து பள்ளியாடியில் இறங்குபவர் சீட்டு வாங்குவது திருவனந்தபுரத்தில். அவர் போகும்போது நண்பரின் வண்டியில் போயிருந்தால், பள்ளியாடியின் ஏட்டில் அவர் பெயருக்கு ஒரு ரூபாயும் இராது. இரவில் இறங்குவோரை எண்ணாமல் பகலில் விற்ற சீட்டை மட்டும் எண்ணினால், எந்த இரவு நிறுத்தமும் வீணென்றே தோன்றும். எனவே சோதனை முயற்சியில் இறங்குவோரின் எண்ணிக்கையை நேரடியாகக் கணக்கெடுப்பது இன்றியமையாதது.

கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் சாதாரணப் பயணிகள் ரயில்கள் சிறப்பு விரைவு ரயில்களாகப் பெயர் மாற்றப்பட்டு, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஆட்ட இரவு ரயிலைச் ‘சிறப்பு ரயில்’ என்ற பெயரில் கூடுதல் கட்டணத்தோடு இயக்கினால், இருவர் சேர்ந்து ஒரு வண்டிக்குப் பெட்ரோல் போடுவதே மலிவு என்றாகிவிடும். சாதாரணக் கட்டணத்தில் ஓடும் ரயிலுக்கே இளைஞர்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள்.

ஒரே கோட்டம் என்ற வாய்ப்பு

குமரி மாவட்டத்து ரயில் பாதைகள் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் இருப்பதால் மாவட்டம் புறக்கணிக்கப்படுகிறது, அவற்றை மதுரைக் கோட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது இங்கு நீண்ட நாள் கோரிக்கை. அதன் நியாயம் தனியே விவாதிக்கத் தக்கது. ஆனால், இந்த ஒரு விஷயத்தில் இப்போதைய அமைப்பே நமக்கு உதவுகிறது. ஆட்டம் நடக்கும் நகரமும் ரசிகர் இறங்கும் நிலையங்களும் ஒரே கோட்ட மேலாளரின் ஆளுகையில் உள்ளன. இரு கோட்டங்கள் ஒன்றையொன்று கைகாட்டும் வழக்கமான தாமதத்துக்கு இங்கு இடமில்லை.

ஒருங்கிணைப்பு தேவைப்படுவது ரயில்வேக்கு வெளியேதான். குழித்துறையிலிருந்து தூத்தூர் வட்டாரத்துக்கும், இரணியலிலிருந்து திங்கள்நகர் வழியாகக் குளச்சலுக்கும், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிப் பக்கத்துக்கும் ஆட்ட இரவுகளில் தலா ஒரு பேருந்து ரயிலுக்காகக் காத்திருந்தால் போதும். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு இது ஓர் இரவுக்கு மூன்று பேருந்துகள் பற்றிய முடிவு. பேருந்து ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். ரயில் பத்து நிமிடம் தாமதமானால் பேருந்து புறப்பட்டுவிட்டது என்ற நிலை ஒரு முறை நேர்ந்தாலே மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். சிறு நிலையங்களில் விளக்கு எரிவதையும் ரயில்வே பாதுகாப்புப் படையினர் அந்த ரயிலில் உடன் வருவதையும் உறுதி செய்வது கோட்டத்தின் பொறுப்பு. லீக் அமைப்பாளர்கள் ஆட்ட அட்டவணையை வெளியிடும்போதே கோட்டத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பி, நுழைவுச்சீட்டு விற்பனையின்போதே ‘திரும்பும் ரயில்’ விவரத்தையும் அறிவிக்க வேண்டும்.

அரங்கில் யார் இல்லை?

இரவு ரயில் இல்லாததன் உண்மையான விலையை, அரங்குக்கு வந்தவர்களை எண்ணி அறிய முடியாது. வராதவர்களை எண்ண வேண்டும். இருசக்கர வாகனம் உள்ள இளைஞர் எப்படியாவது வந்துவிடுகிறார். பந்தாட்டம் பழகும் பத்து வயதுச் சிறுவனை அவன் தந்தை இரவில் அத்தனை தூரம் வண்டியில் கூட்டி வரத் தயங்குகிறார். ஒரு காலத்தில் தானே ஆடிய முதியவர் தொலைக்காட்சியோடு நின்றுவிடுகிறார். பெண்கள் அநேகமாக இல்லவே இல்லை. தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையை 2017-18இலும் 2022-23இலும் வென்ற மாநிலம் தமிழ்நாடு. அத்தகைய மாநிலத்தில், கால்பந்தை உயிராகக் கருதும் ஒரு கடற்கரையின் பெண் பிள்ளைகள் நல்ல தரமான ஓர் ஆட்டத்தை நேரில் காண முடியாமல் இருப்பதற்குத் திரும்பும் வண்டி இல்லாததும் ஒரு காரணம் என்றால், அதை விளையாட்டுக் கொள்கையின் குறையாகவே கருத வேண்டும்.

இந்த ரயிலில் கால்பந்து ரசிகர்கள் மட்டும் ஏறப் போவதில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்துக்கும் அன்றாடம் சென்று வரும் குமரி மாவட்டக் குடும்பங்கள் ஏராளம். நோயாளியோடு பகலெல்லாம் இருந்துவிட்டு இரவில் ஊர் திரும்புபவர், மாலைப் பணி முடித்த கடை ஊழியர், டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர் என யாரும் இதைப் பயன்படுத்தலாம். ரசிகர்களின் கூட்டம் கண்ணில் படுகிறது, தேதியோடு வருகிறது. மற்றவர்கள் ஒருவர் இருவராக வருவதால் கணக்கில் வருவதில்லை. முதலாவதை வைத்துத் தொடங்கும் சோதனை, இரண்டாவதன் அளவையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்.

ஒரே ஒரு பருவத்துக்கு முயன்று பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் நடக்கும் உள்ளூர் ஆட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெமு, மூன்று பேருந்துகள், இறங்குவோரின் எண்ணிக்கையைக் குறிக்கும் ஒரு பதிவேடு. பருவ முடிவில் அந்த எண்ணிக்கையை வெளிப்படையாக அறிவித்துவிட்டுத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கட்டும். பெட்டிகள் காலியாக ஓடினால் கோரிக்கையைக் கைவிடுவதில் யாருக்கும் வருத்தமிராது. நிரம்பி ஓடினால், இத்தனை காலம் அந்த இளைஞர்கள் எந்தச் சாலையில், எப்படித் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் அப்போதாவது எண்ணிப் பார்ப்போம்.